சோம்பல் என்று எண்ணப்பட்ட வலி: பத்து வயது லாப்ரடார் ஒன்றின் இடுப்பு மூட்டுத் தேய்மானம் குறித்த நிகழ்வு ஆய்வு

சீசர் என்னிடம் கொண்டுவரப்பட்டது காலுக்காக அல்ல, காதுக்காக. லாப்ரடார் இனம், கருத்தடை செய்யப்பட்ட ஆண், வயது 10 ஆண்டு 4 மாதம், எடை 42 கிலோ. இடது காதில் பூஞ்சைத் தொற்று முற்றி, பழுப்பு மெழுகு போன்ற கசடு சேர்ந்து, மடலின் உட்புறம் சிவந்து தடித்திருந்தது. அந்த அளவு அரிப்புள்ள நாய் உட்கார்ந்த வாக்கில் அதே பக்கத்துப் பின்னங்காலைத் தூக்கிக் காதை ஓயாமல் சொறியும். சீசர் சொறியவில்லை, சுவரை ஒட்டி நின்றுகொண்டு காதைச் சுவரில் தேய்த்தது. பிறகு ஒருமுறை உட்கார்ந்து, இடது பின்னங்காலை நான்கு விரற்கடை உயரத்துக்குத் தூக்கி, அரைக்கணம் அப்படியே வைத்திருந்து, மெல்லக் கீழே இறக்கிவிட்டது. முனகவில்லை. காதுகளைப் பின்னுக்கு இழுத்து, உதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

மாடிப்படி ஏறுகிறதா என்று கேட்டேன். "ஒரு வருஷமாவே மேல வர்றதில்ல டாக்டர். வயசாயிடுச்சுல்ல, சோம்பேறியாயிட்டான்" என்றார் அந்த அம்மா, அதன் தலையைத் தடவிக்கொண்டே. அவரும் அவருடைய கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். சீசரைக் குட்டியிலிருந்து வளர்த்தவர்கள். அவர்கள் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதப் போனபோது, ஓராண்டுக்கு முன் தடுப்பூசிக்கு வந்த நாளின் பக்கம் கண்ணில் பட்டது. "நடை சற்று மெதுவாகியுள்ளது; வயதின் காரணமாக" என்று என் கையெழுத்தில் இருந்தது. அன்று நான் இடுப்பைத் தொட்டுப் பார்க்கவில்லை. நான் தொட்டுப் பார்த்திருந்தால் அந்த ஓராண்டின் வலியைக் குறைத்திருக்க முடியும் என்பதால், இந்த நிகழ்வை என் தவறிலிருந்தே தொடங்கி எழுதுகிறேன்.

முதுமை ஒரு நோய் அல்ல. மூட்டுத் தேய்மானம் ஒரு நோய். வயதான நாயின் நாட்பட்ட வலி, கத்தலாகவோ அழுகையாகவோ வெளிப்படுவது அரிது. முன்பு செய்துவந்த செயல்களை அது ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே, மாதக்கணக்கான இடைவெளியில் போவதால், உடனிருப்பவர்களுக்கு அது இயல்பாகவே தோன்றுகிறது. ஆகவே "எங்கே வலிக்கிறது?" என்று கேட்பதைவிட "எதையெல்லாம் நிறுத்திவிட்டது?" என்று கேட்பதே பயனுள்ளது. அன்று அரைமணி நேரம் உட்கார்ந்து அந்தத் தம்பதியருடன் சேர்ந்து தொகுத்தேன். மாடி ஏறுவதை நிறுத்தியிருந்தது. காருக்குள் தாவி ஏறுவதையும் நிறுத்தியிருந்தது. அழைப்புமணி ஒலித்தால் வாசலுக்கு ஓடிவந்த நாய், இப்போது படுத்த இடத்திலிருந்து தலையை மட்டும் தூக்கியது. மலம் கழிக்கும்போது ஓரிடத்தில் குந்தி நிற்க இயலாமல், நடந்துகொண்டே ஆங்காங்கே கழித்தது. இரவில் மூன்று நான்கு முறை எழுந்து இடம் மாறிப் படுத்தது. இந்தக் கடைசிச் செய்தியை அவர்கள் வயோதிக மறதியின் விளைவு என்று நினைத்திருந்தார்கள். ஒரே பக்கமாக நெடுநேரம் படுத்திருந்தால் மூட்டு இறுகி நோகும் என்பதே அதன் விளக்கம்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட, நாய்களுக்கான சுருக்க வலிப் பட்டியலை அவர்களிடம் கொடுத்து நிரப்பச் சொன்னேன். வலியின் கடுமை பற்றி நான்கு கேள்விகளும், வலி அன்றாடச் செயல்களில் எவ்வளவு குறுக்கிடுகிறது என்பது பற்றி ஆறு கேள்விகளும் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். சீசரின் சராசரி, கடுமையில் 5.5, குறுக்கீட்டில் 6.2. அதோடு, சீசருக்கென்றே மூன்று அளவுகோல்களைக் குறித்துக்கொண்டோம்: காலையில் படுக்கையிலிருந்து எழ ஆகும் நேரம், வாசலின் மூன்று படிகள், ஓரிடத்தில் நின்று மலம் கழித்தல். என் அனுபவத்தில், பொதுவான கேள்வித்தாளைவிட இத்தகைய சொந்த அளவுகோல்களே வீட்டாருக்குத் தெளிவைத் தருகின்றன.

பரிசோதனையும் நோயறிதலும்

நடையில் இடது பின்னங்காலின் தப்படி குறுகியிருந்தது. ஓடச் சொன்னால் இரண்டு பின்னங்கால்களையும் ஒருசேர ஊன்றி முயல்போல் துள்ளியது. நாயின் உடல் எடையில் சுமார் 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. பின்புறம் நோகும் நாய் இன்னும் கூடுதலாக எடையை முன்னே தள்ளிவிடும் என்பதால், சீசரின் தோள்கள் திரண்டும் தொடைகள் மெலிந்தும் இருந்தன. தொடையின் சுற்றளவு வலப்புறம் 40.5 செ.மீ., இடப்புறம் 38 செ.மீ. இடுப்பு மூட்டைப் பின்னோக்கி நீட்டியபோது வலது 135 பாகைவரை வந்தது. இடது 120 பாகையிலேயே நின்று, சீசர் தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தது. ஆரோக்கியமான லாப்ரடாரில் இந்த அளவு 160 பாகைக்குச் சற்று மேல் இருக்கும். வலது முழங்கை மூட்டிலும் சிறிது தடிப்பு இருந்தது.

பெரிய நாய் ஒன்று பின்னங்காலைச் சரியாக ஊன்றாதபோது தேய்மானம் என்று உடனே முடிவு கட்டுவது ஆபத்து. முதுகுத் தண்டுவடம் சிதையும் நோயில் வலியே இராது. பாதம் மடங்கி நகங்கள் தரையில் உரசித் தேயும். சீசரின் பாதத்தை மடக்கி வைத்தபோது அது உடனே நேராக்கிக்கொண்டது. நகங்களின் மேற்புறத்திலும் தேய்வு இல்லை. முழங்காலின் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கவில்லை. எலும்புப் புற்றுநோய் பேரின நாய்களில் அதிகம் காணப்படுவதால், எலும்புகளின் நெடுகிலும் அழுத்திப் பார்த்தேன். தனியாக ஓரிடத்தில் வீக்கமோ கடும் நோவோ இல்லை. உண்ணிகளால் பரவும் தொற்றுகளும் பல மூட்டுகளில் அழற்சியை உண்டாக்கும் என்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனையும் செய்தேன், தொற்று இல்லை.

மயக்க மருந்து கொடுத்து எடுத்த எக்ஸ்ரேயில் காரணம் தெளிவாகத் தெரிந்தது. இரு பக்கமும் இடுப்புக் கிண்ணம் ஆழமின்றித் தட்டையாக இருந்தது. தொடை எலும்பின் பந்து அதில் முழுதாகப் பொருந்தவில்லை. எலும்பின் கழுத்தைச் சுற்றிப் புது எலும்பு விளிம்பு கட்டியிருந்தது. இடப்பக்கம் மிகுதி. அதாவது, குட்டிப் பருவத்திலிருந்தே மூட்டு தளர்வாக இருந்திருக்கிறது. தளர்ந்த மூட்டில் எடை ஒரு சிறு பரப்பின்மேல் மட்டுமே விழுகிறது. அங்கே குருத்தெலும்பு தேய்கிறது. தேய்ந்த துணுக்குகள் மூட்டுறையில் அழற்சியைத் தூண்டுகின்றன. அழற்சி மேலும் குருத்தெலும்பை அரிக்கிறது. இந்தச் சுழற்சியை முழுதாக நிறுத்தும் மருந்து இதுவரை இல்லை. இந்த வயதில், இவ்வளவு எடையுடன், இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு அந்தத் தம்பதியர் விரும்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

எடை, தரை, படுக்கை

மருந்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் எடையைப் பற்றித்தான் முதலில் பேசினேன். ஒன்பது படிகள் கொண்ட உடல்வாகு அளவீட்டில் 4 அல்லது 5 சரியான நிலை. சீசர் 7இல் இருந்தது. ஒவ்வொரு கூடுதல் படியும் ஏறத்தாழ 10 விழுக்காடு மிகை எடையைக் குறிப்பதால், அதன் உரிய எடை 35 கிலோ எனக் கணக்கிட்டேன். கொழுப்பு வெறும் சுமை மட்டுமன்று. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அதுவே சுரக்கிறது. 2002இல் வெளியான ஒரு நீண்டகால ஆய்வில், 48 லாப்ரடார்களை இணைகளாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவளித்தபோது, குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகளாகவும், மற்றவற்றினது 11.2 ஆண்டுகளாகவும் இருந்தது; மூட்டு நோய்க்குச் சிகிச்சை தேவைப்பட்ட வயதும் தள்ளிப்போயிற்று. எடை கூடிய, நொண்டும் நாய்களைப் பற்றிய மற்றொரு ஆய்வில், உடல் எடையில் 6 விழுக்காடு குறைந்ததுமே நொண்டல் குறையத் தொடங்கியது.

இந்த 6 விழுக்காடுதான் அவர்களுக்கு நான் கொடுத்த முதல் இலக்கு. 35 கிலோவை முழுதாகச் சொல்லியிருந்தால் மலைத்துப்போயிருப்பார்கள். இரண்டரைக் கிலோ என்றதும் முடியும் என்று தோன்றியது. உரிய எடைக்கான ஓய்வுநிலை ஆற்றலைக் கணக்கிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 1,000 கிலோ கலோரி வந்தது. ஒரு வாரம் முழுதும் சீசரின் வாயில் போனதையெல்லாம் எழுதச் சொன்னபோது, ஏறத்தாழ 1,700 தேறியது; அதில் மூன்றில் ஒரு பங்கு உணவுக் கிண்ணத்திலிருந்து வரவில்லை. ஐயா கொடுத்தது அம்மாவுக்குத் தெரியாது. அம்மா கொடுத்தது ஐயாவுக்குத் தெரியாது. காலையில் ஒரு டப்பாவில் அன்றைய உணவு முழுவதையும் எடைபோட்டு வைத்து, யார் என்ன கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்தே கொடுப்பது என்று முடிவாயிற்று. எட்டு வாரங்களில் எடை 39.4 கிலோவுக்கு வந்தது.

இரண்டாவது, தரை. அவர்கள் வீட்டுத் தரை வழவழப்பானது. அவர்கள் எடுத்துவந்த ஒரு நிமிடக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சீசர் எழும்போது முன்னங்கால்களால் உடலை இழுத்து நிறுத்துகிறது. பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விலகி வழுக்குகின்றன. தொடைகளைக் கூட்டி இழுத்துப் பிடித்து நிற்க மூன்று முறை முயல்கிறது. மூன்றாம் முறை நின்றதும் சிறிது நேரம் அசையாமல் இருக்கிறது. அந்த அசையாத நேரம்தான் வலியின் நேரம். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கும் வாசலுக்கும் இடைவெளியின்றி ரப்பர் விரிப்புகளை ஓடுபாதைபோல் போடச் சொன்னேன். ஆங்காங்கே தனித்தனியாகப் போட்டால், ஒரு விரிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வழுக்கும். விரல் இடுக்கு முடியைக் கத்தரித்து, நகங்களை வெட்டினோம். நீண்ட நகம் பாதத்தைப் பின்னுக்குச் சாய்த்து, மூட்டுகளின் கோணத்தையே மாற்றிவிடும். எழ ஆகும் நேரம், மருந்து தொடங்குமுன்னரே, 40 நொடியிலிருந்து 25 நொடிக்குக் குறைந்தது. வெறும் விரிப்பால் கிடைத்த இந்த நிவாரணத்தை நான் இன்றும் பலருக்குச் சொல்கிறேன்.

படுக்கை தடிமனான, உடல் எடையில் அடிவரை அமுங்கிவிடாத நுரைமெத்தையாக இருக்க வேண்டும். முழங்கை தரையில் முட்டுமளவு அமுங்கினால், பெரிய நாய்க்கு அங்கே தோல் தடித்து நீர் கோக்கும். படிகளுக்குச் சாய்தளமும், காரில் ஏற்ற வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கும் அகலத் துண்டும் போதுமானவையாக இருந்தன.

மருந்தும் ஒரு விபத்தும்

இரத்தத்தில் கல்லீரல், சிறுநீரக அளவுகள் இயல்பாக இருந்ததால், ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்தான கார்ப்ரோஃபெனைக் கிலோவுக்கு 2.2 மி.கி. வீதம் நாளுக்கு இருவேளை, உணவுடன் தொடங்கினேன். இந்த அளவு சீசரின் இரத்தப் பரிசோதனையையும் எடையையும் பார்த்து முடிவு செய்யப்பட்டது. வேறொரு நாய்க்கு இதைப் பார்த்துக் கொடுக்கலாகாது. மூன்றாம் வாரம் மீண்டும் இரத்தம் பார்த்தோம். இடைப்பட்ட காலத்தில் சீசர் வாசலின் மூன்று படிகளையும் ஏறத் தொடங்கியிருந்தது.

அவர்கள் ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துவந்த குளுக்கோசமைன் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அதன் பயனுக்கான சான்று மெலிந்தது என்றும், மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா 3 கொழுப்பு அமிலங்களுக்குச் சான்று வலுவானது என்றும் சொன்னேன். மீன் ஈரல் எண்ணெய் வேறு, மீன் எண்ணெய் வேறு. முன்னதை அந்த அளவில் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்துவிடும்.

நான்காம் மாதத்தில் ஓர் இரவு, விரிப்பு இல்லாத சமையலறை வாயிலில் சீசர் வழுக்கி விழுந்து, எழ மறுத்தது. நள்ளிரவு நெருங்கியிருந்ததால் என்னை எழுப்ப மனமின்றி, வீட்டிலிருந்த 400 மி.கி. ஐபுபுரூஃபன் மாத்திரை இரண்டை ஐயா கொடுத்தார். காலையில் மேலும் இரண்டு. கார்ப்ரோஃபெனும் வழக்கம்போல் தொடர்ந்தது. மூன்றாம் நாள் வாந்தி. நான்காம் நாள், இரைப்பையில் இரத்தம் கசிவதன் அடையாளமான, தார் போன்ற கறுத்த மலம். மனிதருக்குரிய ஐபுபுரூஃபன், நாயின் இரைப்பைச் சுவரையும் சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தையும் காக்கும் பொருள்களின் உற்பத்தியைக் கடுமையாக முடக்குகிறது. ஒரே வகையான இரண்டு மருந்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்ததால் கேடு பன்மடங்காயிற்று. இரத்தத்தின் சிவப்பணுக் கனஅளவு 44இலிருந்து 34 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது; சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.3இலிருந்து 2.1 ஆக ஏறியிருந்தது.

மருந்துகள் அனைத்தையும் நிறுத்தி, மூன்று நாள் இரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்றி, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலும் புண்ணின்மேல் படிந்து காக்கும் சுக்ரால்ஃபேட்டும் கொடுத்தோம். சீசர் பிழைத்தது. "என் கையாலயே விஷத்தக் கொடுத்துட்டேனே டாக்டர்" என்று ஐயா சொன்னபோது, மனித மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது என்று நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை என்பதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். இப்போது மூட்டு வலிக்காக வரும் ஒவ்வொருவரிடமும் இரண்டு செய்திகளை எழுதிக் கொடுக்கிறேன்: ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், பாரசிட்டமால் எதையும் தாமாகக் கொடுக்கலாகாது, வலி திடீரென மிகுந்தால் எந்த நேரமானாலும் அழைக்க வேண்டும். கறுத்த மலம், வாந்தி, உணவு மறுப்பு, கண்ணிலோ ஈறிலோ மஞ்சள் தெரிந்தால், அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே தொடர்பு கொள்ள வேண்டும்.

இரைப்பைப் புண் ஆறும்வரை, ஆறு வாரங்களுக்கு, நரம்புகளின் வழியே வலியைத் தணிக்கும் காபாபென்டின் மட்டுமே கைகொடுத்தது. கிலோவுக்கு 10 மி.கி. போதாது என்று 15 ஆக உயர்த்தினேன். பின்னங்கால்கள் தள்ளாடத் தொடங்கின. தசை மெலிந்த நாய்க்கு அந்தத் தள்ளாட்டமே புதிய வீழ்ச்சிக்கு வழியாகும் என்பதால் மறுநாளே பழைய அளவுக்கு இறக்கினேன். மனிதருக்கான திரவ வடிவில் நாய்க்கு நஞ்சான சைலிட்டால் இருக்கக்கூடும் என்பதால் குளிகையாகவே கொடுத்தோம்.

ஆறாம் மாதம், வலியைத் தூண்டும் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைக் கட்டிப்போடும் எதிர்ப்பொருளான பெடின்வெட்மாபைத் தோலடியில், மாதம் ஒருமுறை செலுத்தத் தொடங்கினேன். இது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் அழற்சி எதிர்ப்பு மருந்துகள்போல் தாக்குவதில்லை. ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2023இலும் அனுமதி பெற்ற மருந்து இது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் கால்நடை மருத்துவர்களுக்கு விடுத்த கடிதத்தில், தள்ளாட்டம், வலிப்பு, கால் பலவீனம், மிகுந்த தாகம் உள்ளிட்ட விளைவுகள் பதிவாகியுள்ளதைக் குறிப்பிட்டிருந்தது. அந்தக் கடிதத்தின் உள்ளடக்கத்தை விளக்கிச் சொல்லி, அவர்களுடைய ஒப்புதலைப் பெற்ற பிறகே முதல் ஊசியைப் போட்டேன். இரண்டாம் ஊசிக்குப் பிறகு வலிப் பட்டியலில் கடுமை 2.0 ஆகவும் குறுக்கீடு 2.3 ஆகவும் இறங்கின. ஏழாம் மாதம் ஒரு நாள் அம்மா தொலைபேசியில், "இடது காலத் தூக்கிக் காதச் சொறிஞ்சான் டாக்டர், நானே பார்த்தேன்" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. காதை மீண்டும் பரிசோதித்தேன், தொற்று இல்லை. சொறிய முடிந்ததால் சொறிந்திருக்கிறது.

வலி அடங்கிய பிறகுதான் தசையை வளர்க்க இயலும். வலியோடு நடக்க வைத்தால் நாய் நோகும் காலை ஒதுக்கவே கற்றுக்கொள்ளும். வார இறுதியில் ஒரு மணி நேரம் என்றிருந்த நடையைத் தினமும் மூன்று முறை, முறைக்குப் பத்து நிமிடம் என மாற்றினோம். பந்து வீசி ஓடவிடுவது நின்றது. திடீரென நின்று திரும்பும் கணத்தில் இடுப்பின்மேல் விழும் சுமையே மிகப் பெரியது. உட்கார்ந்து எழும் பயிற்சி ஐந்து முறை, தரையில் கிடத்திய கம்புகளைத் தாண்டி மெதுவாக நடப்பது, இவ்விரண்டும் வீட்டிலேயே. கூடவே எட்டு வாரம், நீர் நிரப்பிய தொட்டிக்குள் நகரும் பட்டையின்மேல் நடக்கும் பயிற்சி. தொடை எலும்பின் மேல்முனை வரை நீர் நின்றால், நாயின் கால்கள் தாங்கும் எடை உடல் எடையில் 38 விழுக்காடாகக் குறைகிறது. முழங்கால் மட்டும் மூழ்கினால் 85 விழுக்காடு இருக்கும். எனவே நீரின் உயரத்தைச் சரியாக வைப்பதில்தான் பயன் இருக்கிறது. பதினோராம் மாதம் இடது தொடையின் சுற்றளவு 39.5 செ.மீ. ஆகியிருந்தது, எடை 35.5 கிலோ.

பதினான்காம் மாதமான இப்போது சீசரின் வயது 11 ஆண்டு 6 மாதம். காலையில் எழ எட்டு முதல் பத்து நொடி ஆகிறது. மூன்று படிகளையும் ஏறுகிறது; இறங்கச் சாய்தளத்தையே நாடுகிறது. பெரும்பாலான நாள்களில் ஓரிடத்தில் நின்றே மலம் கழிக்கிறது. மாடிக்கு ஏறுவதில்லை, தம்பதியர்தாம் படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். எக்ஸ்ரேயில் இடுப்பு முன்னைவிட மோசமாகத்தான் இருக்கிறது. வலது முழங்கையிலும் புது எலும்பு விளிம்பு கூடியுள்ளது. படத்துக்கும் வலிக்கும் நேரடிப் பொருத்தம் இருப்பதில்லை என்பதை அவர்களிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த வாழ்க்கைத்தர அளவீட்டையும் சென்ற மாதம் தொடங்கினோம். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என ஏழு கூறுகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 35க்கு மேல் இருக்கும்வரை பராமரிப்பைத் தொடரலாம். சீசர் 54 பெற்றது. இப்போது அதற்குத் தேவையில்லை என்பதாலேயே இப்போதே தொடங்கினோம். கடினமான முடிவெடுக்க வேண்டிய வாரம் வரும்போது, அழுகைக்கு நடுவே புதிதாக ஓர் அளவுகோலைக் கற்றுக்கொள்ள நேராது. தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தனித்தனியே நிரப்பிப் பிறகு ஒப்பிடுகிறார்கள். அடுத்த ஊசியும் இரத்தப் பரிசோதனையும் இம்மாத இறுதியில். முழங்கையை அப்போது மீண்டும் பார்க்க வேண்டும்.